அலுவலகக் கோப்புகளும் முகிற் சேமிப்பகத்தின் அனுமதிப்பத்திரமும்

எழுத்தும் கணக்கும் உள்ள இடமெங்கும் அவற்றைக் காத்து வைப்பதற்கு ஓர் இடமும் வேண்டும். ஓலைச் சுவடிக்குப் பரணும் காகிதத்துக்கு அலுமாரியும் அவ்வக் காலத்தில் அவ்விடங்களாய் அமைந்தன. எமது நாட்டுத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என வழங்குவது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல்லாலாம். அக்கந்தோரின் மூலையில் நிற்கும் அலுமாரியோ போர்த்துக்கேயர் தந்த பெயரைத் தாங்கி நிற்பது. வைப்பிடத்தின் பெயர் வெளியார் தந்ததாயினும், வைத்த பொருளும் அதன் திறவுகோலும் எம்மிடமே இருந்தன. இன்று நிலைமை வேறு. கொட்டாஞ்சேனையிலுள்ள சுங்க முகவர் நிலையமாயினும், வெள்ளவத்தையிலுள்ள கணக்காய்வாளர் நிலையமாயினும், அன்றிப் பாடசாலை அலுவலகமேயாயினும், தன் கடிதங்களையும் இடாப்புக்களையும் அலுமாரியில் வைப்பதை விடுத்து முகிலில் வைக்கின்றது. திறவுகோலோ பிறரிடம் இருக்கின்றது. அத்திறவுகோலின் பெயரே அனுமதிப்பத்திரம்.

முகிற் கணிமை என எமது பாடநூல்கள் கூறுவது கேட்பதற்கு இனிய பெயர். ஆயினும் பொருளை மறைக்கும் பெயர். வானத்தில் யாதும் இல்லை. பிறர் ஒருவருடைய கட்டடத்தில், அவருடைய இயந்திரத்தில், மாத வாடகைக்கு நாம் எடுத்துக்கொண்ட இடமே முகிற் சேமிப்பகம் எனப்படுவது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒன்டிரைவ், ஷெயார்பொயின்ட் என்பனவும் கூகிள் நிறுவனத்தின் டிரைவ் என்பதும் இவ்வகையின. வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரின் நிபந்தனைகளை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? அந்நிபந்தனைகளை அறியாமையால் விளையும் இடர்கள் யாவை, அவற்றை நீக்கும் வழி யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அனுமதிப்பத்திரத்தின் இயல்பை நோக்குவோம். எமது தெருக்களில் ஓடும் மோட்டார் வண்டிக்கு இரண்டு பத்திரங்கள் வேண்டும். ஒன்று வண்டிக்கு உரிய வருமான அனுமதிப்பத்திரம். அஃது ஓட்டுபவர் மாறினும் மாறாது. மற்றையது சாரதி அனுமதிப்பத்திரம். அஃது ஆளைப் பற்றியது, ஆளோடு செல்வது. பழைய காலத்துக் கணினி மென்பொருளின் அனுமதி முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு தட்டை விலைக்கு வாங்கி ஓர் இயந்திரத்தில் நிறுவினால், அவ்வியந்திரம் உழைக்குமட்டும் அனுமதியும் நிலைத்தது. அதனையும் விலைகொடாது படியெடுத்தோர் எம் நாட்டிற் பலர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சிகளுக்கும் பாதுகாப்பு அளித்த பின்னரும், புதிய கணினியோடு அனுமதியற்ற மென்பொருளை இலவசமாக இட்டுக்கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் ஒழியவில்லை. இதனால் அனுமதி என்பது ஒரு சடங்கு, இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று என்னும் மனப்பான்மை எம்மிடையே ஊறிவிட்டது. முகிற் சேமிப்பகத்தில் இம்மனப்பான்மை செல்லாது. பொருள் அவர்கள் வீட்டில் இருக்கின்றது. அனுமதி முடிந்தால் கதவு தானே மூடிக்கொள்ளும். அவ்வனுமதியும் இரண்டாம் வகையினது. இயந்திரத்துக்கு அன்றி ஆளுக்குக் கொடுக்கப்படுவது.

இங்கேதான் முடிச்சு விழுகின்றது. அனுமதி ஆளைப் பற்றியது. கோப்போ நிறுவனத்துக்கு உரியது. ஆள் இன்றிருந்து நாளை செல்வார். நிறுவனம் நிலைத்திருக்க வேண்டியது. ஆளின் அனுமதியில் நிறுவனத்தின் கோப்பைத் தொங்கவிட்டால், ஆள் போகும் நாளில் கோப்பும் ஆடத் தொடங்கும்.

அன்றாடம் எழும் சிறு பிணக்குகளை முதலிற் கூறி அப்பாற் செல்வோம். "உமக்கு அனுமதி இல்லை" என்று கணினி அறிவிக்கும்போது பெரும்பாலோர் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பர். அது வீண்முயற்சி. கணக்கு வேறு, அனுமதி வேறு, சேமிப்பிடம் வேறு. கணக்கு என்பது ஆளின் பெயர்ப் பதிவு. அனுமதி என்பது அப்பெயருக்கு எதிரே இடப்பட்ட அடையாளம். சேமிப்பிடம் அவ்வடையாளம் கண்டு திறக்கும் அறை. பெயர் பதிவாகியும் அடையாளம் இடப்படாதிருத்தல் மிகச் சாதாரணமாக நேர்வது: நிறுவனம் இருபது அனுமதிகளை வாங்கியிருக்க, இருபத்தோராவது ஊழியர் சேர்ந்திருப்பார். அனுமதி மிகுதியாய் இருந்தும் அதனை இடமுடியாதிருப்பதும் உண்டு. மைக்ரோசொப்ட் முறையில் ஊழியரின் நாடு எது என்பது குறிக்கப்படாவிடின் அனுமதி ஏறாது. பெயர்களை ஒரே பட்டியலாக ஏற்றிய இடங்களில் இக்குறை காணப்படும். இன்னும், ஓர் அனுமதியினுள்ளே பல சேவைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஷெயார்பொயின்ட் என்பதை நிர்வாகி அணைத்துவிட்டால் ஒன்டிரைவும் உடன் அணையும், ஏனெனின் பின்னையது முன்னையதன்மேற் கட்டப்பட்டது. இவையெல்லாம் நிர்வாகியின் பக்கத்திற் சில நிமிடங்களிற் சரிசெய்யத்தக்கன. சரிசெய்த பின் அறை திறக்கச் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள்வரையும் செல்லக்கூடும். அதற்கிடையில் ஊழியர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைதல் நன்று.

ஒரே மின்னஞ்சல் முகவரியைத் தம் சொந்தக் கணக்குக்கும் அலுவலகக் கணக்குக்கும் பதிந்து வைத்திருப்போரின் இடர் வேறுவகையானது. அவர் தமக்கென இலவசமாகக் கிடைத்த சிறிய அறைக்குள் நுழைந்து, அலுவலகக் கோப்பு காணாமற் போயிற்று என்று அலறுவார். மைக்ரோசொப்ட் இலவசமாய்க் கொடுப்பது 5 கிகாபைற்று, கூகிள் கொடுப்பது 15 கிகாபைற்று. காலை முழுதும் எழுதிய அறிக்கை இவ்விலவச அறையிற் போய்க் கிடக்கும்; அலுவலகம் அதனை அறியாது.

பாடசாலைகளில் மற்றொரு மயக்கம் மிகுதி. கல்விக்கென வழங்கப்படும் ஏ1 என்னும் இலவச அனுமதி, சேமிப்பிடத்தையும் உலாவியின் வழியே எழுதும் வசதியையும் தருவதன்றி, மேசைக் கணினியில் நிறுவும் வேர்ட், எக்செல் முதலியவற்றுக்கு அனுமதி தருவதில்லை. ஆசிரியர் அவற்றை நிறுவித் திறக்க, "அனுமதியற்ற பொருள்" என்னும் செந்நிறப் பட்டை தோன்றும். கோப்புகளுக்கு யாதோ தீங்கு நேர்ந்தது என அவர் அஞ்சுவார். கோப்புகள் இருந்தபடியே இருக்கின்றன. உலாவியில் திறந்தால் எழுதவும் இயலும்.

இனி, ஆள் விலகும்போது நேர்வதைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். இழப்பு உண்மையில் நிகழும் இடம் இதுவே. மைக்ரோசொப்ட் முறையில் விலகியவரின் கணக்கை நிர்வாகி நீக்கினால், அவருடைய ஒன்டிரைவ் வழக்கமாக 30 நாட்கள் பேணப்படும். இக்காலத்தை 3650 நாட்கள்வரை நீட்டிவைக்க இயலும், நீட்டுவோர் சிலரே. அதன்பின் அது 93 நாட்கள் கழிவுத்தொட்டியிற் கிடக்கும். அங்கிருந்து மீட்பது நிர்வாகிக்கு மட்டுமே கூடும். அதுவும் கழிந்தால் அழிவு. கணக்கை நீக்காது அனுமதியை மட்டும் எடுத்துவிட்டால் முன்னாளிற் கோப்புகள் கேட்பாரற்று அப்படியே கிடந்தன. பலர் செலவைக் குறைக்க இதனையே ஓர் உபாயமாகக் கொண்டிருந்தனர். 2025 ஜனவரி 27 முதல் அவ்வழி அடைபட்டது. அனுமதியற்ற வணிகக் கணக்கின் ஒன்டிரைவ் 60ஆம் நாளில் வாசிப்பதற்கு மட்டும் உரியதாகி, 93ஆம் நாளில் ஆவணக்கிடங்குக்கு அனுப்பப்படும் என விதி செய்யப்பட்டது. அங்கிருந்து மீட்க ஒரு கிகாபைற்றுக்கு 60 அமெரிக்கச் சதமும், வைத்திருக்க மாதந்தோறும் கிகாபைற்றுக்கு 5 சதமும் எனக் கட்டணம் குறிக்கப்பட்டது. கூகிள் முறையிலோ, நீக்கிய கணக்கை மீட்க 20 நாட்களே உண்டு. ஆயினும் நீக்கும்போதே கோப்புகளை இன்னொருவருக்கு மாற்றுவதா என்று அது கேட்கும். அக்கேள்விக்கு விரைவில் விடையிறுத்துவிட்டு நகர்வோரே துன்புறுவோர்.

கொழும்பில் ஆள் விலகுவது அரிதான நிகழ்ச்சி அன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் எத்துணைப் பேர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர் என்பதை இதனைப் படிப்போர் தம் குடும்பத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். வெள்ளவத்தையில் மாலை வகுப்புக்கள் நடத்திவந்த ஒரு நிலையத்தில் எழுதுவினைஞர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். மிக ஒழுங்கானவர், மாணவர் இடாப்பு, தவணைப் புள்ளிகள், கட்டணக் கணக்கு யாவற்றையும் தம் ஒன்டிரைவில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவர் குடிபெயர்ந்து சென்ற வாரத்திலேயே மாதச் செலவை மிச்சம் பிடிக்கும் பொருட்டு அவர் கணக்கு நீக்கப்பட்டது. ஐந்து திங்கள் கழிந்தபின் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்புவதற்காகத் தன் புள்ளிகளின் சான்றிதழை வேண்டி வந்தாள். கணினியில் அக்கோப்புறையின் பெயர் தெரிந்தது. திறக்கப் பொருள் இல்லை. இட மிச்சத்துக்காகப் பெயரை மட்டும் கணினியில் வைத்துப் பொருளை முகிலிலேயே விடும் ஏற்பாடு அது. நிலையத் தலைவர் விநியோகத்தரைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டார். "ஐயா, அந்தக் கணக்கை நீக்கச் சொன்னவர் நீங்கள்தாமே" என்றது மறுமுனை. அங்கே பாடஞ் சொல்லிய ஆசிரியர் மூவர் தத்தம் கையேடுகளிற் குறித்து வைத்திருந்த புள்ளிகளைக் கொண்டுதான் அம்மாணவிக்குச் சான்றிதழ் எழுதப்பட்டது. அவளோடு படித்த ஏனையோரின் பதிவு முழுமையாக மீளவில்லை.

இதற்குப் பரிகாரம் யாது? அந்த எழுதுவினைஞரின் அனுமதியை இன்னும் பல திங்கள் நீட்டியிருக்கலாம் என்பர் சிலர். அது நோயைத் தள்ளிவைப்பதாகும். முறையான பரிகாரம், நிறுவனத்தின் கோப்பு ஒருபோதும் ஓர் ஆளின் அறையில் வைக்கப்படாமையே. ஷெயார்பொயின்ட் என்பதும், கூகிள் முறையிற் பகிர்வு இயக்ககம் என்பதும் பொது அறைகள். அங்கே வைத்த கோப்பு நிறுவனத்தின் உடைமை. அங்கத்தவர் வரலாம், போகலாம், கோப்பு அசையாது. செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் வணிகஞ் செய்தோரின் பேரேடு கடையிலேதான் இருந்தது. கணக்கப்பிள்ளை மாலையில் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. ஒன்டிரைவ் ஆளின் மேசை இழுப்பறை. முடிவுறாத வரைவுகளை அங்கே வைக்கலாம். முடிவுற்றது பொது அறைக்குச் செல்லவேண்டும். அவ்வாறு செய்த நிறுவனத்தில், ஆள் விலகும்போது அனுமதியை மறுநாளே மீளப்பெற்று இன்னொருவருக்குக் கொடுத்தாலும் இழப்பொன்றும் இல்லை. செலவு குறைப்பும் இங்கே தானாகவே கைகூடுகின்றது.

பணத்தைப் பற்றியும் கூறல் வேண்டும், ஏனெனின் இவ்வனுமதிகள் பெரும்பாலும் டொலரில் விலையிடப்பட்டவை. 2022 மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்ட் தன் சிறுநிறுவன அடிப்படை அனுமதியின் விலையை ஆளுக்கு மாதம் 5 டொலரிலிருந்து 6 டொலராக உயர்த்தியது. அதே மாதத்தில் இலங்கை ரூபாய் வீழ்ந்தது. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மதிப்பு மே மாதமளவில் 360 ரூபாயை அண்மியது. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் இரண்டாயிரத்து நூற்றறுபது கொடுக்க நேர்ந்தது. சந்தாவைக் கட்டாது விட்டால் நேர்வது என்ன? மைக்ரோசொப்டின் பெரும்பாலான சந்தாக்களில், காலம் முடிந்த பின் 30 நாட்கள் வழமைபோல் ஓடும், அடுத்த 90 நாட்கள் நிர்வாகி மட்டுமே நுழையலாம், அதன்பின் நீக்கம். கட்ட இயலாத நிறுவனம் தன் கோப்புகளை இறக்கிக்கொள்வதற்கு முதல் முப்பது நாட்களே ஏற்ற காலம். இணைய வேகமும் மின்வெட்டும் கலந்த அவ்வாண்டிற் பல நூறு கிகாபைற்றை இறக்குவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இலவசமாய்க் கிடைப்பதும் என்றும் அவ்வாறே கிடைக்கும் எனக் கொள்ளலாகாது. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற இடம் என்று கொடுத்த கூகிள், 2021 பெப்ரவரியில் அதனை நிறுவனம் ஒன்றுக்கு 100 தெராபைற்று எனச் சுருக்குவதாக அறிவித்தது. பழைய வாடிக்கையாளருக்கு அது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மைக்ரோசொப்டும் 2023இல் அறிவித்து 2024இல் அதே அளவைக் கொண்டது. ஏ1 பயனர் ஒருவரின் ஒன்டிரைவ் 100 கிகாபைற்றுக்கு மேற்படாது என்றும் விதித்தது. அப்போது ஆசிரியரிடையே எழுந்த கலக்கம் மிகைப்பட்டது என்பதே என் கருத்து. ஒரு பாடசாலையின் எழுத்துக் கோப்புகள் அனைத்தும் சேர்ந்தாலும் அவ்வெல்லையின் ஓர் ஓரத்தையும் நிரப்பமாட்டா. இடத்தை விழுங்குவன பெருந்தொற்றுக் காலத்தில் ஒளிப்பதிவு செய்த வகுப்புக்களே. ஒரு மணி நேர வகுப்பு சில நூறு மெகாபைற்றைக் கொள்ளும். இரண்டாண்டுகளாக எவரும் திறவாத அப்பதிவுகளை நோக்கித் தேவையற்றவற்றைக் களைந்தால் பிரச்சினை முடியும்.

அனுமதி ஒழுங்காயிருந்தாற் போதும் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு எம் தலைநகரிலேயே ஒரு சான்று உண்டு. இலங்கை அரச முகில் எனப்படும் அமைப்பின் வழியே அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் பேணப்பட்டு வந்தன. 2023 ஆகஸ்ட் 26 அளவில் அது கப்பத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கோப்புகளை மறைகுறியாக்கி, விடுவிப்பதற்குப் பணங் கோரும் தாக்குதல் அது. ஏறத்தாழ ஐயாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. காரணம், அக்காலத்துக்குரிய காப்புப் படியும் தாக்குதலில் அகப்பட்டமையே. அவ்வமைப்பு இயங்கியது எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில். அப்பதிப்புக்கு மைக்ரோசொப்ட் அளித்த ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரல் 11ஆந் திகதியே முடிவுற்றிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதல் எண்ணியிருந்தும் நிதிக் குறைவாலும் முன்னைய சபைத் தீர்மானங்களாலும் தாமதமாயிற்று எனத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் விளக்கிற்று. புதிய பதிப்புக்கும் பணங் கொடுத்துப் புதிய அனுமதி பெறல் வேண்டும் என்பது கருதத்தக்கது. அனுமதிச் செலவு என்னும் சிறு வரியை வரவுசெலவுத் திட்டத்தில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது எளிது. அதன் விளைவு அங்கே எழுதப்படுவதில்லை.

செல்வ நாடுகளும் இவ்விடருக்கு விலக்கல்ல. தென்கொரிய அரசு தன் ஊழியர்க்கு ஜீ-டிரைவ் என்னும் பொதுச் சேமிப்பகத்தை அமைத்து, அலுவற் கோப்புகளைத் தம் கணினியில் வையாது அங்கேயே வைக்குமாறு பணித்திருந்தது. 2025 செப்டெம்பர் 26இல் டேஜொன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. 858 தெராபைற்று அளவான அச்சேமிப்பகம் எரிந்தது. அளவு மிகப் பெரிதாயிருந்தமையால் அதற்கு வெளியே காப்புப் படி வைத்திருக்கவில்லை. ஏறத்தாழ 125,000 ஊழியர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். ஊழியர் மேலாண்மை அமைச்சுத் தன் பணியாளர் எல்லோரையும் அதனையே பயன்படுத்தச் செய்திருந்தமையால், மிகப் பெரிய இழப்பு அதற்கே நேர்ந்தது. சொந்த முகிலாயினும் வாடகை முகிலாயினும் ஓரிடத்தில் மட்டும் உள்ள ஏடு ஓரேடே என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981இல் எரிந்த பொது நூலகத்தின் சுவடிகள் பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை.

ஆதலின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பதின்மர், இருபதின்மர் பணியாற்றும் ஓர் அலுவலகம் செய்யத்தக்கவை சில. நிர்வாகி உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது. அவரும் ஒருநாள் விமானமேறக் கூடியவரே. குறைந்தது இருவரிடம் அது இருக்கவேண்டும். அவ்விருவருள் ஒருவர் நிலையத் தலைவராயிருத்தல் நலம். எத்தனை அனுமதிகள் வாங்கப்பட்டன, யார் யார் பெயரில் உள்ளன, எந்நாளிற் புதுப்பிக்க வேண்டும், எவருடைய வங்கி அட்டையிற் பணங் கழிகின்றது என்பவற்றைக் காகிதத்தாலான ஓர் இடாப்பில் எழுதி வைத்தல் வேண்டும். முகில் மூடிய நாளில் முகிலில் எழுதிய பட்டியலைப் படிக்க முடியாது. வங்கி அட்டை காலாவதியானதால் மட்டும் சந்தா அறுந்த அலுவலகங்கள் பல. ஊழியர் விலகல் கடிதம் கொடுத்த நாளிலேயே, திறவுகோலையும் மடிக்கணினியையும் மீளப்பெறும் பட்டியலிற் "பொது அறைக்குக் கோப்பு மாற்றம்" என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்து, அவர் இருக்கும்போதே அவரைக் கொண்டு மாற்றுவித்தல் வேண்டும்.

திங்கள் ஒருமுறை பொது அறையின் படி ஒன்றை வெளிவன்தட்டில் இறக்கி, அதனைக் கணினியிலிருந்து கழற்றி, பழைய அலுமாரியிலேயே வைத்துப் பூட்டலாம். கழற்றாது விட்டால் கப்பத் தாக்குதல் அதனையும் பற்றும். தவணைக்கு ஒருமுறை அப்படியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை, சென்ற ஆண்டின் ஒரு மாணவனுடைய புள்ளிப் பத்திரத்தையோ ஒரு பற்றுச்சீட்டையோ, வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்த திகதியை அதே இடாப்பிற் குறித்து, திறந்தவர் தம் கையொப்பத்தை இடவேண்டும்.